ஷீட் ரப்பர் புஷ்

ஸ்டியரிங்கில் கியர் இருக்கிற வண்டியை ஓட்டத் தெரிந்தவர்கள் அயனிமூட்டில் இரண்டே பேர்தான். ஒருவன் வண்டிக்குச் சொந்தக்காரன் ஜாஸ்பர். மற்றவன் அவனிடம் டிரைவராக இருந்த சுயம்புராஜ். வேறு யாராவது ஏறி உட்கார்ந்தால் கால் பக்கம் கியர்க் கம்பைத் தேடுவார்கள். அது அங்கே இல்லை, ஸ்டியரிங்குக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்ததும் கும்பிட்டுவிட்டு இறங்கிவிடுவார்கள்.

அது ஒரு பழைய சின்ன லாரி. வாழைக்குலை, மரச்சீனிக் கிழங்கு, ரப்பர் ஷீட், கல்யாண வீட்டுப் பாத்திரம் என்று எதையும் ஏற்றும். அதன் கியருக்கு ஒரு வித்தை உண்டு. கம்பை நெஞ்சுக்கு நேராக இழுத்து மேலே தூக்கினால் முதல் கியர். இன்னும் கொஞ்சம் அழுத்தி இழுத்து மேலே தூக்கினால் ரிவர்ஸ். இரண்டுக்கும் நடுவே ஒரு விரல் அகலம்தான் வித்தியாசம். அதைக் கண்ணால் பார்க்க முடியாது, கை அறிய வேண்டும். சுயம்புராஜின் கை அதை நன்றாக அறிந்திருந்தது. தக்கலைச் சந்தை நெரிசலில்கூட அவன் ஒரு தடவையும் தப்பாகப் போட்டதில்லை.

அப்படிப்பட்டவன்தான் புரட்டாசியில் கிறிஸ்தவ சபையின் அறுப்புப் பண்டிகை அன்று அசனச் சோற்றின் மேல் வண்டியை ஏற்றினான்.

அசனம் என்றால் சபையார் வீட்டுக்கு வீடு அரிசியும் தேங்காயும் கொடுத்து, ஒன்றாகச் சமைத்து, எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது. அயனிமூட்டில் அன்று கோயில் வளாகத்துக்கு வராதவர் கிடையாது. அய்யாவழிக்காரர்களும் வருவார்கள், அம்மன் கோயிலுக்குப் போகிறவர்களும் வருவார்கள். வடித்த சோற்றைப் புதுப் பாயில் மலையாகக் கொட்டி வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள். காலையிலிருந்து நாலைந்து நடை விறகும் பாத்திரமும் ஏற்றிவந்த சுயம்புராஜ், கடைசி நடையில் வாழை இலைக் கட்டுகளோடு வண்டியைச் சமையல் கொட்டகைவரை பின்னால் கொண்டுவந்து நிறுத்தினான். இலையை இறக்கியாயிற்று. ஜெபத்துக்கு நேரமாயிற்று, வண்டியை முன்னால் எடு என்று யாரோ சொன்னார்கள். அவன் கியரை மாற்றிக் கிளச்சை விட்டான். வண்டி முன்னால் போகவில்லை. பின்னால் பாய்ந்து, சாம்பார் இருந்த பெரிய வார்ப்புப் பாத்திரத்தைத் தட்டிக் கவிழ்த்து, சோற்றுக் குவியலில் ஏறி நின்றது.

நல்லவேளையாக ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அத்தனை பேரும் இலைக்காகக் காத்துக்கொண்டிருக்கும்போது வெள்ளைச் சோற்றில் டயர் மண் அப்பிக் கிடந்ததை யாரால் பார்க்க முடியும். எல்லார் கண்ணும் வண்டியிலிருந்து மெல்லத் திரும்பி ஜாஸ்பரிடம் வந்து நின்றது. அவன் சபை கமிட்டியில் வேறு இருந்தான். ஓடிப்போய் சுயம்புராஜைச் சட்டையைப் பிடித்து இறக்கினான், கன்னத்தில் ஒன்று வைத்தான்.

"காலம்பறயே ஊத்திட்டு வந்துட்டியாலே?"

சுயம்புராஜ் நெற்றியில் அன்றும் வெள்ளை நாமம் இட்டிருந்தான். அய்யாவழியில் ஊறிய குடும்பம். கள்ளோ சாராயமோ அவன் தொட்டதில்லை, அது ஜாஸ்பருக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது.

"அண்ணே, நான் முதல்தான் போட்டேன்" என்றான் சுயம்புராஜ்.

மறுநாள் காலையில் மெக்கானிக் முருகதாஸ் வந்து வண்டியைப் பார்த்தான். எல்லாக் கியரும் சுகமாக விழுந்தன. "வண்டியில ஒண்ணும் இல்ல, ஆளுலதான் கேடு" என்று சொல்லிவிட்டுக் கையைத் துடைத்தான். அதோடு சுயம்புராஜின் வேலை போயிற்று. காலாண்டு லீவு முடிந்ததும் பள்ளிக்கூட வேன் ஒன்றை ஓட்டத் தருகிறேன் என்று ஊரில் வேன்கள் வைத்திருக்கிற வைகுண்டராஜன் அவனுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். பிள்ளைகள் ஏறுகிற வண்டி, குடிக்கிறவனிடம் எப்படிக் கொடுப்பது என்று அவரும் கையை விரித்தார்.

ஜாஸ்பர் தானே வண்டி ஓட்ட ஆரம்பித்தான். ஒரு நாள் மத்தியானம் பேச்சிப்பாறைப் பக்கமிருந்து கிழங்கு ஏற்றிக்கொண்டு நல்ல வெயிலில் வீட்டுக்கு வந்தான். வண்டியை முற்றத்தில் பின்னால் விட்டு, கொஞ்சம் நேராக்கலாம் என்று முதல் கியர் போட்டுக் கிளச்சை விட்டான். வண்டி பின்னால் போய்ப் புகைப்புரைச் சுவரில் இடித்தது. ரப்பர் ஷீட்டைப் புகை போட்டு உலர்த்துகிற சின்னக் கட்டிடம் அது. கூரைத் தகரம் கலகலத்தது.

அடுக்களையிலிருந்து அவன் மனைவி ரெஜிலா ஓடிவந்தாள்.

"என்ன, கண்ணு தெரியல்லியா?"

ஜாஸ்பர் கம்பில் வைத்த கையை எடுக்காமல் இருந்தான். கம்பு முதல் கியரில்தான் இருந்தது.

"ஏட்டி, இஞ்ச வா. ஏறி இரி."

"எனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது."

"ஓட்டண்டாம். எஞ்சினை அமத்திட்டேன். கிளச்ச மிதிச்சிட்டு நான் சொல்லியபடி கம்ப அசைச்சாப் போதும்."

சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வைத்துவிட்டு அவன் அடியில் நுழைந்தான். எஞ்சின் சூடு முகத்தில் அடித்தது. ரெஜிலா சேலையை ஒதுக்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.

முதலில் அவன் கியர்ப் பெட்டியைச் சந்தேகப்பட்டான். பெட்டிக்கு வருகிற கம்பிகளைக் கழற்றிவிட்டு, பெட்டியில் நீட்டிக்கொண்டிருந்த இரும்புக் கையை விரலால் தள்ளிப் பார்த்தான். ஒவ்வொன்றும் டக்கென்று விழுந்தது. பெட்டிக்கு ஒன்றுமில்லை. மறுபடியும் கம்பிகளை மாட்டினான்.

"முதல் போடு."

"எது முதல்?"

"நெஞ்சுக்கு நேரா இழுத்து மேல தூக்கு."

"தூக்கிட்டேன்."

கீழே கம்பி சரியாக நகர்ந்தது.

"எடு. இப்பம் ரிவர்ஸ். இன்னும் நல்லா அழுத்தி இழு."

"கை நோவுது."

"இழுட்டி."

கம்பி ரிவர்ஸுக்குப் போயிற்று.

"செரி. இப்பம் எடுத்துட்டு, திரும்ப முதல் போடு."

"போட்டாச்சி."

கீழே கம்பி ரிவர்ஸிலேயே நின்றது.

"போட்டியா?"

"போட்டாச்சின்னு சொன்னேன்லா. முன்ன எங்க போட்டனோ அஞ்சதான் இருக்கு கம்பு."

மேலே முதல், கீழே ரிவர்ஸ். நடுவில் எங்கேயோ ஒன்று இழுபடுகிறது. ஸ்டியரிங் குழாயின் அடியில் கம்பி வந்து சேருகிற மூட்டில் ஜாஸ்பர் விரலை வைத்தான். விரல் ஒட்டிக்கொண்டது. இழுத்தான், நூல் நூலாகக் கூடவே வந்தது. மூக்குக்குக் கொண்டுபோனான். அந்த வாடை தெரியாதவன் அந்தப் பக்கத்தில் பிறந்திருக்க மாட்டான். வீட்டு விளையில் ரப்பர் மரத்தில் வெட்டிய பாலின் வாடை, அவன் புகைப்புரையின் வாடை.

ஆனி மழையில் அந்த மூட்டில் இருந்த புஷ், கம்பி ஆடாமல் பிடிக்கிற ரப்பர் வளையம், உடைந்துபோயிற்று. தக்கலையில் கடை கடையாகக் கேட்டான். இந்த வண்டிக்கு இப்போது சாமான் வருவதில்லை என்றார்கள். திரும்பி வந்தவன் கண்ணில் பட்டது புகைப்புரையில் தொங்கிய ஷீட். கடையில் விற்கிற புஷ்ஷும் நம் மரத்துப் பாலில் செய்வதுதானே என்று தோன்றிவிட்டது. ரப்பர் வெட்டிப் பிழைக்கிற ஊர்க்காரனுக்கு மட்டும் வரக்கூடிய தைரியம் அது. கடை ரப்பர் மருந்து போட்டு வேகவைத்தது, ஷீட் பச்சை ரப்பர். சூடு பட்டால் இளகும், கிரீஸ் பட்டால் உப்பும். வெயிலில் கிடந்த ஷீட் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வது அங்கே குழந்தைக்கும் தெரியும். ஜாஸ்பருக்கும் தெரியாததில்லை. ஆனால் அடைமழையில் நிற்கிறவன் வெயிலை எங்கே நினைக்கிறான். வைத்த புஷ் மழைக்காலம் முழுக்க நன்றாகவே வேலை செய்தது. சுயம்புராஜிடம் அவன் அதைச் சொல்லவும் இல்லை. முருகதாஸ் பார்த்ததும் குளிர்ந்த வண்டியை.

"என்ன கெடக்கு அஞ்ச?" மேலேயிருந்து ரெஜிலா கேட்டாள்.

அவன் மூட்டிலிருந்து அதைப் பிய்த்து எடுத்தான், இளகி உருண்டையாகிப் போயிருந்தது.

"இஞ்சேருங்க, உங்களத்தான். என்ன?"

"ஒண்ணும் இல்ல. ஒரு பின்னு கழண்டு கெடக்கு."

ரெஜிலா இறங்கிவிட்டாள். குனிந்து பார்த்தாள். அவன் மறைப்பதற்குள் கையிலிருந்த உருண்டையைப் பார்த்துவிட்டாள். அதன் ஒரு ஓரத்தில், ஷீட் அடிக்கும் ரோலரின் வரிகள் இரண்டு அழியாமல் இருந்தன.

"இது நம்ம ஷீட்டுல்லா" என்றாள். "கத்தரிக்கோல வெள்ளத்துல முக்கி நான் வெட்டித் தந்ததுல்லா."

ஜாஸ்பர் வண்டிக்கு அடியிலேயே கிடந்தான். வெளியே வந்து அவள் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

"அப்பம் சுயம்பு?"

அவன் ஊர்ந்து வெளியே வந்தான். எழுந்தான். நேராகப் புகைப்புரைக்குப் போய் அந்த உருண்டையை அடுப்பில் போட்டான். கறுத்த புகை சுருண்டு எழுந்தது.

"எதுக்கு எரிச்சிய?"

"பின்ன, பிரேம் போட்டு மாட்டவா?"

மறுநாளே லேத்துப் பட்டறையில் ஒரு நைலான் புஷ் கடைந்து வாங்கிவந்து மாட்டினான். செய்வதென்றால் முதலிலேயே செய்திருக்கலாம். வண்டி சூட்டிலும் குளிரிலும் ஒரே மாதிரி ஓடிற்று. அவன்தான் ஓடவில்லை. தட்டில் வைத்த சோற்றில் பாதியை மிச்சம் வைத்தான். ரெஜிலா இரண்டாம் தடவை கரண்டியை எடுத்தால் கையால் மறித்தான். சுயம்புராஜின் வீட்டு வழியாகப் போக வேண்டிய லோடுகளுக்குச் சுற்றுவழி பிடித்தான்.

மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. வரிசை வரிசையாக எழுந்து போய் முழங்காலிட்டு அப்பமும் திராட்சை ரசமும் வாங்கினார்கள். ஜாஸ்பரின் வரிசை எழுந்தது. அவன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் இருந்தவர்கள் அவன் முழங்காலைத் தாண்டிப் போனார்கள். பெண்கள் பக்கத்திலிருந்து ரெஜிலா பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு நடக்கும்போது அவள் கேட்டாள். "முட்டு நோவா?"

"நோவெல்லாம் இல்ல."

"பின்ன எதுக்கு இருந்திய?"

"கை நீளல்ல ரெஜிலா. அந்தக் கையாக்கும் அவன அடிச்சது."

"அப்பம் அவன்ட்ட போய்ச் சொல்லுங்க. என்ட்ட சொல்லி என்ன."

அன்று சாயங்காலமே போனான். சுயம்புராஜ் கூலிக்கு வாழைக்குழி வெட்டிவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்தான். ஜாஸ்பரைக் கண்டதும் பதறி, தோளில் கிடந்த துண்டால் நாற்காலியைத் துடைத்துப் போட்டான். அவன் மனைவி பூங்கனி கட்டன் சாயா கொண்டுவந்தாள்.

"அன்னைக்கு நடந்ததுல உனக்க தப்பு ஒண்ணும் இல்ல, கேட்டியா" என்றான் ஜாஸ்பர். "வண்டிக்க தப்பாக்கும்."

"அண்ணே, முருகதாஸ் பாத்துட்டு ஒண்ணும் இல்லன்னு சொன்னாருல்லா."

"அவனுக்குத் தெரியல்ல."

"நீங்க எனக்காவ இப்பிடிச் சொல்லண்டாம். நானும் நெனச்சு நெனச்சுப் பாத்தேன். ரிவர்ஸ்ல இருந்து எடுக்கும்ப கை கொஞ்சம் கூடுதலா இழுத்திருக்கும். முதல்னுதான் எனக்குத் தோணுச்சு. தோணுனா ஆச்சா? சோத்துல ஏறிட்டே. இனி ஸ்டியரிங் பிடிக்கமாட்டேன்னு அய்யாவுக்க பதியில வச்சுச் சத்தியம் சொல்லிட்டேன்."

"கை சரியாத்தான் மக்கா இருந்துச்சு."

பூங்கனி கண்ணைத் துடைத்தாள். "அடிச்சவரே வீடு தேடி வந்து, தப்பு உனக்கதில்லன்னு சொல்லியாரு. ஆராவது செய்வாவளா இப்பிடி?"

ரப்பரைப் பற்றிச் சொல்ல வேண்டிய இடம் அதுதான். வார்த்தை தொண்டைவரை வந்தது. பூங்கனியின் முகத்தில் இருந்த நன்றியைப் பார்த்ததும் திரும்ப இறங்கிவிட்டது. ஜாஸ்பர் சாயாவைக் குடித்துவிட்டு வந்துவிட்டான். பாதி உண்மையைச் சொல்லிவிட்டு முழு நல்லபேரையும் வாங்கிக்கொண்டு வருகிறோமே என்று வழியெல்லாம் அவனுக்கு உடம்பு கூசிற்று.

அந்த நல்லபேர் அவனுக்கு முன்னால் ஜங்ஷனுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. மறுநாள் சாயாக்கடையில் வைகுண்டராஜன் அவனுக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.

"ஜாஸ்பரே, உமக்க மனசு ஆருக்கும் வராது. குடிச்சிட்டு அசனத்தக் கெடுத்தவன வீட்டுல போய்ப் பாத்தீராமே."

"அவன் குடிக்கல்ல. அதுல அவன் தப்பு ஒண்ணும் இல்ல" என்றான் ஜாஸ்பர். இனி முடியாது என்று ஆகிவிட்டது. "நான்தான் புஷ்ஷுக்குப் பதிலா ஷீட் ரப்பர வெட்டி வச்சிருந்தேன். சூட்டுல அது இளகிட்டு. மேல முதல் போட்டாலும் கீழ ரிவர்ஸ் நின்னுச்சு."

வைகுண்டராஜன் சிரித்தார். அங்கே இருந்த முருகதாஸ் கேட்டான்.

"ஷீட்ட வச்சா? ஆளு கோட்டியா வோய், நீரு அப்பிடிச் செய்வீரா? நான் பாத்தேன்லா, கியரு வெண்ணையா விழுந்துச்சு."

"நீ பாத்தது காலம்பற. வண்டி ஆறிக் கெடந்துச்சு."

"செரி, அந்த ரப்பர் எங்க?"

"எரிச்சிட்டேன்."

"ஓ" என்றான் முருகதாஸ், மற்றவர்களைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிக்கொண்டு.

வைகுண்டராஜன் ஜாஸ்பரின் தோளில் தட்டினார். "அவனுக்கு வேன் கிடைக்கணும்னு சொல்லுதீரு. நல்ல காரியந்தான். ஆனா நாலுபேரு குடிகாரன்னு சொல்லுத ஆளுட்ட நான் பிள்ளையள எப்பிடி விட? நீரே சொல்லும்."

அந்த நாலுபேரில் முதல் ஆள் நான்தானே என்று ஜாஸ்பருக்கு நெஞ்சில் குத்திற்று. உண்மையைச் சொன்னால் அசிங்கப்படுவோம் என்றுதான் அவன் இதுவரை பயந்தான். சொன்ன பிறகும் ஊர் அவனைப் பெரிய மனுஷனாக்கி வைக்கும் என்று நினைக்கவில்லை. அதைவிட அசிங்கம் அவனுக்கு வேறு இல்லை.

வீட்டுக்கு வந்து புகைப்புரைக்குள் போய் ஒரு ஷீட்டை உருவினான். ரெஜிலா வாசலில் வந்து நின்றாள். நடந்ததைச் சொன்னான். அவள் உள்ளே போய்த் தையல் கத்தரிக்கோலையும் ஒரு கும்பாவில் தண்ணீரையும் கொண்டுவந்தாள்.

"இஞ்ச தாங்க. போன தடவ வெட்டுன மாதிரியே வெட்டணும்லா."

"நான் வெட்டியேன்."

"அன்னைக்கும் நான்தானே வெட்டுனேன்."

அவள் வெட்டினாள். மடக்கி, அதே போல மெல்லிய கம்பி சுற்றிக் கொடுத்தாள். நல்ல நைலான் புஷ்ஷைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, அந்த ரப்பரை அவன் மூட்டில் வைத்தான். சரியாக ஓடுகிற வண்டியைத் தன் கையாலேயே கெடுத்த ஒரே ஆள் அவனாகத்தான் இருப்பான்.

மறுநாள் வெயில் ஏறியதும் சுயம்புராஜின் வீட்டு முன்னால் வண்டியை நிறுத்தினான்.

"ஏறு மக்கா. ஒரு இடம்வரை போவணும்."

"எங்கண்ணே?"

"பேச்சிப்பாறை போயிட்டு வருவோம். வண்டி சூடாவணும்."

சுயம்புராஜுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் ஏறினான். பேச்சிப்பாறை அணைக்கு முன்னால் ஒரு பெட்டிக்கடையில் மோர் குடித்தார்கள். திரும்பும்போது ஜாஸ்பர் சாவியை நீட்டினான்.

"நீ ஓட்டு."

"வேண்டாம்ணே. சத்தியம் செய்திருக்கியேன்."

"இந்த ஒரு தடவ ஓட்டு. பிறவு உன்ன என்னைக்கும் கேக்க மாட்டேன்."

சுயம்புராஜ் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். பிறகு நாமத்தைத் தொட்டுக்கொண்டு ஏறினான். ரிவர்ஸ் போடாததால் முன்னால் போகிற கியர்களில் குழப்பம் ஏதும் வரவில்லை. மேடும் வளைவும் அவன் கைக்குப் பழகியதாக இருந்தன. குலசேகரம் தாண்டியபோது அவன் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. ஜாஸ்பர் ஜன்னலுக்கு வெளியே ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டே வந்தான்.

அயனிமூடு ஜங்ஷனில் சாயாக்கடைக்கு எதிரே வெறும் பொட்டல். ஒரு ஓரத்தில் வீடு கட்ட இறக்கிய மணல் குவிந்து கிடந்தது. ஜாஸ்பர் இறங்கிச் சாயாக்கடையைப் பார்த்து, "முருகதாஸ், வைகுண்டராஜண்ணே, இஞ்ச வாங்க" என்றான். அவர்கள் வந்தார்கள். வேலையில்லாத இன்னும் சிலரும் கிளாஸோடு வந்தார்கள்.

"சுயம்பு, ரிவர்ஸ் போட்டு அந்த மணல் பக்கம் கொஞ்சம் போ. நிறுத்து. செரி. இப்பம் முதல் போட்டு முன்ன வா."

சுயம்புராஜ் கம்பை நெஞ்சுக்கு நேராக இழுத்து மேலே தூக்கினான். கிளச்சை மெல்ல விட்டான். வண்டி பின்னால் போய் மணலில் ஏறிற்று.

அவன் பிரேக்கை மிதித்தான். முகம் வெளுத்துவிட்டது. கம்பைப் பார்த்தான், கையைப் பார்த்தான்.

"அண்ணே, நான் முதல்தான் போட்டேன்."

"ஆமா" என்றான் ஜாஸ்பர். "முதல்தான் போட்ட. அன்னைக்கும் முதல்தான் போட்ட."

சுயம்புராஜ் எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினான். வண்டிக்கு அடியில் நுழைந்தான். முருகதாஸும் கூடவே குனிந்தான். வெளியே வந்தபோது சுயம்புராஜின் விரல்களில் ரப்பர் நூல் நூலாக ஒட்டிக்கொண்டிருந்தது. முருகதாஸ் யாரையும் பார்க்காமல் வேட்டியில் கை துடைத்தான். வைகுண்டராஜனும் தரையைப் பார்த்தார்.

"இது செரி" என்றான் சுயம்புராஜ். அவன் குரல் மாறியிருந்தது. "ரப்பர் இளகும்னு நீரு நெனச்சிருக்க மாட்டீரு. ஊத்திட்டு வந்தியாலேன்னு கேட்டீரே. அது?"

ஆத்திரத்தில் வாய் தவறிவிட்டது என்று ஜாஸ்பர் சொல்லியிருக்கலாம். அங்கே நின்ற அத்தனை பேரும் ஒத்துக்கொண்டிருப்பார்கள். சுயம்புராஜ்கூட ஒத்துக்கொண்டிருப்பான்.

"நீ குடிக்க மாட்டேன்னு எனக்குத் தெரியும்" என்றான் ஜாஸ்பர். "தெரிஞ்சுதான் சொன்னேன். எல்லாரும் என்னைப் பாத்தாவ. உன்னப் பாக்கட்டும்னு சொன்னேன்."

சுயம்புராஜ் ஏச ஆரம்பித்தான். அண்ணே என்கிற சொல் அதற்குப் பிறகு அவன் வாயில் வரவில்லை.

"ஓய் ஜாஸ்பரே. அன்னைக்கு வீட்டுக்குப் போனேன். எனக்க பெஞ்சாதி கிட்ட வந்து எனக்க வாய மோந்து பாத்தா. கல்யாணம் கழிஞ்ச நாள்ல இருந்து அப்பிடி ஒண்ணு அவ செய்ததில்ல. மோந்து பாத்துட்டு அவளே உக்காந்து அழுதா. எனக்க கைய நானே நம்பாம, குழி வெட்டப் போனேன். நீரு வீட்டுல வந்து சாயா குடிச்சீரு. அப்பமும் சொன்னீரா? வண்டிக்க தப்பாக்கும்னு சொன்னீரு. ஊத்திட்டு வந்தியாலேன்னு வண்டியா கேட்டுச்சு, அவ எனக்க வாய மோந்து பாக்க?"

சுயம்புராஜ் இன்னும் சொன்னான், தாயையும் தகப்பனையும் இழுக்காமல், ஆனால் சொல்ல வேண்டியது ஒன்றையும் விடாமல் சொன்னான். விலக்கப் போன ஒருவரை வைகுண்டராஜன் கையைப் பிடித்து நிறுத்தினார். கடைசியில் சுயம்புராஜ் விரலில் இருந்த ரப்பரை வண்டியின் கதவில் தேய்த்துத் துடைத்துவிட்டு, வீட்டுப் பக்கம் நடந்தான். வைகுண்டராஜன் அவன் பின்னாலேயே, "சுயம்பு, நில்லு மக்கா, வேன் காரியம்" என்று சொல்லிக்கொண்டு வேகமாகப் போனார்.

ஜாஸ்பர் அங்கேயே வண்டிக்கு அடியில் படுத்து, பையிலிருந்த நைலான் புஷ்ஷை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தான்.

ரெஜிலா சோறும் சாளை மீன் குழம்பும் எடுத்துவைத்தாள். அவன் சாப்பிடும்வரை ஒன்றும் கேட்கக் கூடாது என்று பார்த்தாள். முடியவில்லை.

"நம்புனாவளா?"

"நம்புனாவ."

"சுயம்பு என்ன சொன்னான்?"

"ஏசினான்."

"எல்லாரும் நிக்கும்பமா?"

"ஆமா. எல்லாரும் நின்னாவ."

"நல்லா ஏசினானா?"

"நல்லா ஏசினான்" என்றான் ஜாஸ்பர். தட்டு காலியாகியிருந்தது. அவன் அதை அவள் பக்கம் நகர்த்தினான். "கொஞ்சம் சோறு வை."

ரெஜிலா கரண்டியை எடுத்தாள். இந்தத் தடவை அவன் கை மறிக்கவில்லை. வைத்துவிட்டுக் கேட்டாள்.

"ஷீட்ட வெட்டித் தந்தது ஆருன்னு சொன்னியளா?"

"அது எதுக்கு. அத நான் சொல்லல்ல."

அவள் குழம்புச் சட்டியை மூடி வைத்தாள்.

"கத்தரிக்கோலு பிடிச்சது நானாக்கும்" என்றாள். "அன்னைக்கு அசனத்துல அவன் அடி வாங்கும்ப நானும் பாத்துட்டுதானே நின்னேன், அவன் குடிக்காதவன்னு ஒரு வாக்கு சொன்னனா? எனக்குள்ள ஏச்ச நாளைக்கு நானே போய் வாங்கிட்டு வாரேன்."